தலைப்பிள்ளை வரப்போகிறது, இருப்பது மாமி வீட்டில்: எதற்கு வாய் திறப்பது, எதற்கு மூடிக்கொண்டிருப்பது?

ஆரையூர்_மருமகன்

எல்லாருக்கும் வணக்கம். மனைவிக்கு இப்போது எட்டாம் மாதம், எங்களுக்குத் தலைப்பிள்ளை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நான் மாமி வீட்டில்தான், அதாவது மனைவியின் பெயரில் எழுதிக் கொடுத்த வீட்டில். வெளியூர்க்காரருக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள், மட்டக்களப்பில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை. மாமி ஆறு பிள்ளை பெற்றவர், ஒன்பது பேரப்பிள்ளைகளைக் காலில் போட்டுக் குளிப்பாட்டியவர். நான் இதுவரை பச்சைப்பிள்ளை ஒன்றைத் தூக்கியதே இல்லை, யாராவது நீட்டினால் கை கழுவவில்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன்.

என் அப்பா 2004 சுனாமியோடு போனவர். நாவலடி. எனக்கு அப்போது 11 வயது. சைக்கிளின் முன்பாரில் துவாயை மடித்துப் போட்டு என்னை இருத்திக்கொண்டு போவது ஞாபகம் இருக்கிறது, ஒரு தகப்பன் வீட்டுக்குள் என்னென்ன செய்வான் என்பது ஞாபகம் இல்லை. அந்தப் பயத்திலோ என்னவோ நிறைய வாசித்தேன், கொப்பி ஒன்றில் எழுதியும் வைத்திருக்கிறேன். அடிப்பதில்லை, போன் காட்டிச் சோறு தீத்துவதில்லை, ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட இல்லை, இப்படி 40 வரி போகிறது. போன கிழமை இரவுச் சாப்பாட்டு நேரம் இதை மாமிக்கும் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மாமி என் கோப்பையில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டுவிட்டு, "முதல்ல புள்ள பொறக்கட்டும் மகன்" என்றார். மனைவி என் முகத்தைப் பார்க்கவேயில்லை.

நல்ல எண்ணத்தில்தான் வாசித்தேன். பிறகு படுத்துக்கொண்டு யோசித்தால், ஆறு பிள்ளை வளர்த்தவருக்கு முன்னால் "நான் அடிக்க மாட்டேன், நான் அதைச் செய்ய மாட்டேன்" என்று வாசித்தது அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று வெட்கமாகிவிட்டது. அரச வேலை, மூன்று நாள் லீவுதான் தகப்பனுக்கு. எதில் விட்டுக்கொடுக்கலாம், எதில் கூடாது, அந்த மூன்று நாளில் நான் என்ன உதவிக்கு ஆவேன்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரைவலை

எங்கள் அப்பா எந்தப் புத்தகத்தைத் தம்பி வாசித்தார்? எங்கள் ஒன்பது பேரையும் வளர்த்து ஆளாக்கினார். கொப்பி போட்டுத்தான் பிள்ளை வளர்க்க வேண்டும் என்றால் கடலுக்குப் போகிறவன் பிள்ளையே பெறக் கூடாது. மாமி சொல்வதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருங்கள். அவவுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஓய்வுபெற்ற_மிஸி

கரைவலை அண்ணனுக்கு முதலில். நான் 31 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, ஊர்ச் சனம் மிஸி என்று கூப்பிடுகிற மருத்துவிச்சியாக இருந்தவள், அதில் பாதிக்கு மேல் வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரைப் பக்கம். மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது, அதற்கு முன்னர் சைக்கிளையும் பையையும் பாதை என்கிற மிதவைப் படகில் ஏற்றி அக்கரைக்குப் போய், வயல் வரம்பால் நடந்து வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். பெத்தாமாரிடம், அதாவது பாட்டிமாரிடம், "எத்தனை பிள்ளை?" என்று கேட்டால் "ஏழு" என்பார்கள். "பெற்றது எத்தனை?" என்று கேட்டால்தான் கொஞ்சம் பொறுத்து "அது பத்து" என்பார்கள். உங்கள் அம்மாவிடம் அந்த இரண்டாவது கேள்வியை ஒரு தரம் கேட்டுப் பாருங்கள். 1940களில் இந்த நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூற்றுக்கு மேல் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை, இன்றைக்கு அது பத்துக்கும் கீழே. நம் பெத்தாமார் கெட்டிக்காரிகள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பிள்ளை குளிப்பாட்ட நானே அவர்களிடம்தான் பழகினேன். ஆனால் மிஞ்சிய பிள்ளைகளை மட்டும்தான் அவர்கள் வாய்விட்டு எண்ணுவார்கள்.

இனித் தம்பிக்கு. கொப்பியைக் கிழிக்க வேண்டாம், மூடி வையுங்கள். விட்டுக்கொடுக்கக் கூடாதது மிகவும் கொஞ்சம். பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் பிள்ளையை மார்பில் போட வேண்டும், முதலில் சுரக்கிற கடும்புப்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்ற யாரையும் விடாதீர்கள். நாக்கில் தேன் தொட்டு வைப்பது ஒரு வயது வரை கூடாது, தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பிஞ்சுக் குடலில் பெருகிப் பிள்ளையின் உடம்பையே துவள வைத்துவிடும். சீனித் தண்ணீரும் வேண்டாம், வசம்பு உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். தொப்புளில் எண்ணெய், சாம்பல், பவுடர் எதுவும் பூசக் கூடாது, அது தானாகக் காய்ந்து விழும். படுக்க வைத்தால் நிமிர்த்தித்தான். முதல் 24 மணித்தியாலத்துக்குள் பிள்ளை மஞ்சளானாலோ, எந்த நாளானாலும் மஞ்சள் கால் வரை இறங்கினாலோ வெயிலில் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது, நெஞ்சு குழி விழ மூச்சு இழுப்பது, இதற்கெல்லாம் வீட்டில் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வரும்.

மற்றதெல்லாம் மாமியின் ராச்சியம். பிள்ளைப்பெற்றவளுக்குக் காயம் என்கிற மருந்துச் சரக்கை அரைத்துக் கொடுக்கிறாரா, கொடுக்கட்டும். 31ஆம் நாள் துடக்கு, அதாவது தீட்டுக் கழிக்கிறாரா, நல்லது, அன்றைக்காவது வீடு கழுவுப்படும். கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைக்கட்டும், நாவூறுக்கு உப்பும் மிளகாயும் சுற்றிப் போடட்டும், புகை மட்டும் பிள்ளைக்கு அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கும் சண்டை, காயத்துக்கும் சண்டை என்று இருந்தால், நாளைக்கு மஞ்சளுக்கு நீங்கள் வாய் திறக்கும்போது வீட்டில் ஒருவரும் காது கொடுக்க மாட்டார்கள்.

அக்கரைப்பற்று_கிளார்க்

லீவு விசயம் மட்டும் சொல்கிறேன். பிள்ளை பிறந்த அன்றைக்கே மூன்று நாளையும் எடுத்துவிடாதீர்கள். நான் அப்படி எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் தேத்தண்ணிக் கடையில் இருந்ததுதான் மிச்சம், தாய்மார் வாட்டுக்குள் ஆண்களை விடும் நேரம் கொஞ்சம்தானே. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு எடுங்கள். மனைவி அரச வேலை என்றால் அவவுக்கு 84 வேலை நாள் முழுச் சம்பளத்தோடு உண்டு, கடிதத்தை இப்போதே எழுதி வையுங்கள்.

காத்தான்குடி_உம்மா

நான் காத்தான்குடி. எங்களிலும் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து இருப்பார், ஆகவே தம்பியின் நிலைமை எனக்கு நல்லாய் விளங்குகிறது. என் மூத்த மகள் பிறந்தபோது அவர் காதில் பாங்கு சொன்னார், ஏழாம் நாள் முடி இறக்கக் கடைத்தெருவுக்கும் வீட்டுக்குமாய் ஓடினார், அதோடு அவருக்கு வேலை முடிந்துவிட்டது. அறைக்குள் உம்மா, உம்மம்மா, சாச்சிமார். அவர் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு வெளியூர் விருந்தாளி மாதிரி இருப்பார், பார்க்கப் பாவமாய் இருக்கும்.

ஒருநாள் இரவு உம்மா களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்திருந்த நேரம் இவர் வாசலில் நின்று, "மாமி, இந்தத் துணி எப்படி மடிக்கிற?" என்று கேட்டார். வீடியோ பார்த்து இவருக்குத் தெரியும், எனக்கு முன்னமே செய்து காட்டியவர். உம்மா காட்டிக் கொடுத்தா. அடுத்த நாள் உம்மாவே கூப்பிட்டு, பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்க வைக்கிற வேலையை அவருக்குக் கொடுத்துவிட்டா. அன்றிலிருந்து இரவு இரண்டு மணி ஏவறை அவருடைய பொறுப்பு. மகளுக்கு இப்போது 16 வயது, இன்னும் வாப்பாவின் தோள்தான்.

படுவான்_பொடியன்

உம்மா சொன்னது நல்ல கதைதான், ஆனால் ஒரு கேள்வி. தெரிந்ததைத் தெரியாது என்று கேட்பது நடிப்பு இல்லையா? பணிவு என்ற பேரில் மாமியாரை ஏமாற்றுவது போலல்லவா இருக்கிறது?

காத்தான்குடி_உம்மா

தம்பி, வீடியோவில் மடித்தது பொம்மைக்கு. இவர் மடித்த துணி பிள்ளை ஒரு தரம் காலை உதைத்ததும் கழன்று விழுந்துவிட்டது. தெரியும் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

தோஹா_டியூட்டி

சொந்த ஊர் திருக்கோவில், இங்கே லொறி ஓட்டுகிறேன். எட்டாம் மாதத்தில் மனைவியோடு பக்கத்தில் இருந்து இப்படிக் கேள்வி கேட்கக் கிடைத்ததே பெரிய காரியம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகன் பிறந்தபோது நான் மணல் காட்டுக்குள் லொறி டயர் மாற்றிக்கொண்டிருந்தேன், அழுகைச் சத்தத்தை வட்ஸப்பில்தான் கேட்டேன். தினமும் வீடியோ கோலில் என்னைக் கண்டதும் சிரிப்பான், போனுக்கு முத்தம் கொடுப்பான். 14 மாதத்தில் லீவில் போனேன். ஒரு பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான். வாசலில் என்னைக் கண்டதும் அலறிக்கொண்டு பெத்தாவின் சீலைக்குள் புகுந்துவிட்டான். போனுக்குள் இருக்கிற அப்பாவைத்தான் அவனுக்குத் தெரியும், இவ்வளவு பெரிய அப்பாவை அவன் கண்டதில்லையே.

மூன்று நாள் பிடித்து இழுத்துப் பார்த்தேன், தூக்கினேன், கார் காட்டினேன், அவன் அழுவதும் நான் கோபப்படுவதுமாகப் போனது. நாலாம் நாள் மனைவியின் தகப்பன்தான் சொன்னார், "பேசாமல் திண்ணையில இரி, அவன் பக்கம் திரும்பாத, கச்சான் உடை." இருந்தேன். கச்சான் உடைத்துத் தோலை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் வைத்தேன். அரை மணித்தியாலம் போயிருக்கும், பின்னால் வந்து நின்றுகொண்டு என் முதுகில் ஒரு விரலால் குத்திப் பார்த்தான். நான் திரும்பவில்லை. மற்ற விரலாலும் குத்தினான். (சின்னப் பிள்ளைக்குக் கச்சான் கொடுக்கக் கூடாது, தொண்டையில் சிக்கும், மிஸி ஏசுவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன், நான்தான் தின்றேன்.) தகப்பன் என்ற பேரோடு போய் இறங்கினேன், அந்தத் திண்ணையில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துதான் அந்தப் பேர் எனக்குக் கிடைத்தது.

கல்லாற்று_அக்கா

என் வீட்டுக்காரரும் இங்கே வாசிப்பவர், வாசித்தால் வாசிக்கட்டும்.

மூத்தவன் பிறந்தபோது என் கணவரைப் போல ஒரு நல்ல மனுசன் இல்லை என்று ஊரே சொன்னது. பொய்யில்லை, துணி துவைத்தார், இரவில் எழும்பினார், எனக்குச் சுடுதண்ணீர் வைத்துத் தந்தார். துவைத்த துணியைக் கொடியில் போட்டுப் படம் எடுத்து, அப்பாவாக இருப்பது ஒரு வரம் என்று எழுதி முகநூலிலும் போட்டார், அந்தப் படத்துக்கு வந்த இதயங்களுக்குக் கணக்கில்லை. அதே நேரம் நான் கிணற்றடியில் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பிள்ளையைப் பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பது போல இருந்தது. இவ்வளவு செய்கிற மனுசனிடம் போய் எனக்கு ஏதோ சரியில்லை என்று எப்படிச் சொல்வது? நன்றி கெட்டவள் என்றுதானே ஆகும். அவர் நல்லவராக ஆக ஆக எனக்கு வாய் அடைத்துக்கொண்டே போனது.

ஒரு மாதம் போல இருக்கும்போது எங்கள் பகுதி மிஸி பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளோடு வந்தார், மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். நாலாவது கேள்வியிலேயே நான் உடைந்துவிட்டேன். பிள்ளை பிறந்த முதல் இரண்டு கிழமைக்குள் காரணமில்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உள்ளதாம், அதற்கு மேலும் நீண்டால் அது வருத்தம், வைத்தியம் உண்டு என்று சொல்லி டொக்டரிடம் அனுப்பினார். வீட்டில் பார்வை என்று நூலும் கட்டினார்கள், கட்டட்டும் என்று கையைக் கொடுத்தேன், கிளினிக்குக்கும் போனேன். இரவில் தலை வெடிக்கும் போல இருந்து பேச யாரும் இல்லாதவர்களுக்கு 1926 என்ற மனநல இலக்கம் இருக்கிறது, குறித்து வையுங்கள்.

தம்பி, துணி துவையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாளுக்கு ஒரு தரமாவது "பிள்ளை குடிச்சதா?" என்பதை விட்டுவிட்டு "உனக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். ஒன்றுமில்லை என்றுதான் சொல்லுவா. எழும்பிப் போகாமல் கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். என்னுடையவர் இரண்டாவது பிள்ளைக்கு இதைச் செய்தார், படமும் போடவில்லை. இதை வாசித்துவிட்டு இன்றிரவு ஏதும் சொல்வார், பார்ப்போம்.

ஆரையூர்_மருமகன் (ஏழு கிழமைக்குப் பிறகு)

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பிந்தியதற்கு மன்னிக்க வேண்டும். மகள். பிறக்கும்போது 2.9 கிலோ.

கடும்புப்பாலுக்காக நான் இரண்டு மாதமாக மனதுக்குள் ஒரு பேச்சுத் தயார் பண்ணி வைத்திருந்தேன். அது தேவைப்படவேயில்லை. வாட்டில் பக்கத்துக் கட்டில் பிள்ளையின் பெத்தாவுக்கு, முதல் பாலை ஊற்றக் கூடாது என்று மாமிதான் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். தேன்தான் வந்தது, மாமாவின் தமையன் காட்டுத்தேன் ஒரு போத்தல் கொண்டுவந்து வைத்தார். மிஸி அக்கா சொன்ன கிருமிக் கதையைச் சொல்லி, "முதலாவது பிறந்தநாளுக்கு நீங்களே தொட்டு வையுங்க மாமி" என்றேன். இப்போது அந்தப் போத்தல் அலுமாரியில் இருக்கிறது, மாமி அதில் அடுத்த வருடத் திகதியை எழுதி ஒட்டிவிட்டார்.

பிழை விட்டது நான்தான். ஒன்லைனில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பால் குடிக்க முதல் ஒரு நிறை, குடித்த பிறகு ஒரு நிறை, எல்லாம் போனில் அட்டவணை போட்டேன். ஐந்தாம் நாள் விடியப்புறம் பார்த்தால் 2.66. இரண்டு மணிக்கு மனைவியை எழுப்பி அட்டவணையைக் காட்டினேன். உனக்குப் பால் காணாது என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, தராசுதான் சொன்னது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நான். அவ விடியும் வரை அழுதா. ஆறு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தேன், பால்மா டின் வாங்க. படலையடியில் மாமி கூட்டிக்கொண்டு நின்றார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "இண்டைக்கு மிஸி வருவா மகன், அவ பார்த்திட்டுச் சொல்லட்டும்" என்றார். ஏசியிருந்தால் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

மிஸி வந்து தராசைப் பார்க்கவேயில்லை. ஒரு நாளைக்கு எத்தனை ஈரத்துணி மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். ஆறு, ஏழு என்று மாமி சொன்னார், எனக்குத் தெரியாது. அப்படியென்றால் பால் காணும், பிறந்த நிறையில் பத்தில் ஒரு பங்கு வரை முதல் கிழமையில் குறைந்து இரண்டு கிழமைக்குள் திரும்பி வரும் என்றார். பிறகு பிள்ளையின் கெண்டைக்காலில் விரலை அமர்த்தி எடுத்துப் பார்த்தவர், முகம் மாறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார். மஞ்சள் கால் வரை இறங்கியிருந்தது. மாமி மூன்று நாளாகக் கண்டு காலை வெயிலில் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் காணவேயில்லை. மஞ்சளுக்கு வாய் திறக்க வேண்டியவன், மூன்று நாளாகத் தராசின் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் நீல லைட்டுக்குக் கீழே வைத்தார்கள், இறங்கிவிட்டது, இப்போது சுகம். முதல் நாள் இரவு மாமியும் நானும் வாட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தோம். வெகுநேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார்: "ஆறு இல்ல மகன், ஏழு. மூத்தவனுக்கும் இப்புடித்தான் மஞ்சளிச்சது. அந்த நேரம் ரோட்டால போக ஏலாது. வெயில்ல புடிச்சன். 13 நாள் இருந்தான்."

என் மனைவிக்கே இது தெரியாது. என்ன சொல்வதென்று தெரியாமல் கீழே போய் இரண்டு பிளேன்ரீ வாங்கிக்கொண்டு வந்தேன். மாமி குடித்தார். சீனி கூடிப்போச்சு என்றார்.

தராசை இப்போது மா நிறுக்க வைத்திருக்கிறார்.

ஓய்வுபெற்ற_மிஸி

தம்பி, மாமியிடம் சொல்லுங்கள், அந்த நாளில் ரோட்டால் போக ஏலாமல் போனது எத்தனையோ பேருக்கு. நானும் பாதை ஓடாத நாட்களில் இக்கரையில் நின்றிருக்கிறேன். மகளுக்கு இரண்டு மாதம் நிரம்பியதும் தடுப்பூசி, கிளினிக் கொப்பியில் திகதி இருக்கும். அன்றிரவு காய்ச்சல் காயலாம், பயப்பட வேண்டாம், பரசிற்றமோல் எவ்வளவு கொடுப்பது என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

கரைவலை

அம்மாவிடம் கேட்டேன். 11.

தம்பி, பிள்ளைப்பெற்ற வீட்டுக்குப் பால்சுறா நல்லது, பால் ஊறும் என்பார்கள், மிஸிக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மீன் மீன்தானே. வியாழக்கிழமை விடிய வலை இழுக்கிறோம், பட்டால் எடுத்து வைக்கிறேன், கல்லடிப் பாலத்தடிக்கு வாருங்கள். காசு வேண்டாம். எத்தனை கிலோ?

ஆரையூர்_மருமகன்

பெரிய உபகாரம் அண்ணன். பொறுங்கள், மாமியிடம் கேட்டுச் சொல்கிறேன்.